ஆமினாவின் இடுப்பில் இருந்த பிள்ளை

காலையில் முதல் பஸ் எங்கள் ஊருக்கு வரும் நேரத்தில் நான் கடையின் தட்டியை எடுத்துக்கொண்டிருப்பேன். பெரியபட்டினத்தில் தோணிகளுக்குக் கயிறும் பாய்த்துணியும் விற்கிற கடை. இராமநாதபுரத்திலிருந்து எனக்கு ஏதாவது சேதி என்றால் கண்டக்டர் இறங்கி வந்து சொல்லிவிட்டுப் போவார். போன மாதம் ஒரு நாள் அப்படி இறங்கி வந்தவர், "என்ன பாய், இன்னைக்கு யாரோட சண்டை?" என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்கவில்லை. விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நின்றார்.

"பாய், ஒங்க டீச்சரம்மா விடியக்காலம் தவறிட்டாக. குருசாமி அண்ணன் ஒங்ககிட்டச் சொல்லச் சொல்லி ஆள் விட்டாரு" என்றார்.

எடுத்த தட்டியைத் திரும்பவும் வைத்து மூடினேன். வீட்டுக்குள் போய் என் அக்கா மைமூனிடம் சொன்னேன். அக்காவை நாங்கள் லாத்தா என்போம். லாத்தா "இன்னா லில்லாஹி" என்று சொல்லிவிட்டு அடுப்பில் இருந்த சட்டியை இறக்கி வைத்தாள். பிறகு, "கடைசியா ஏதாச்சும் சாப்புட்டுச்சா அந்தப் புள்ள?" என்று கேட்டாள்.

நாற்பதை நெருங்கிய ஒரு பள்ளிக்கூட ஆசிரியையைப் பற்றி இப்படியா கேட்பார்கள் என்று உங்களுக்குத் தோன்றும். அந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. மங்களேஸ்வரி டீச்சரை அறிந்த உங்களிடம் அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உங்களில் சிலர் இராமநாதபுரம் பெண்கள் பள்ளியில் அவரிடம் தமிழ் படித்தவர்கள். எழுத்தாளர் முத்திருளப்பரின் மகள் என்று மட்டும் அவரைத் தெரிந்தவர்கள் அதைவிட அதிகம். முத்திருளப்பர் முதுகுளத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். இளம் வயதில் பாம்பன் ரயில் நிலையத்தில் பார்சல் குமாஸ்தாவாக இருந்தார். பின்னால் வேலையை விட்டு இராமநாதபுரத்தில் குடியேறி, எழுத்தையே பிழைப்பாக்கிக்கொண்டார். சுதந்திரம் வந்த வருஷத்தில் அவருடைய 'ஆமினாவின் கரை' வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. கதை நடப்பது எங்கள் ஊரில். எங்கள் தெருப்பெயரும் பள்ளிவாசலும் அச்சில் வருகிறதென்றால் சும்மா இருப்போமா? பத்திரிகை வந்த அன்று என் வாப்பாவின் கடையில்தான் ஊரே கூடும். நான் வாசிப்பேன். மீனவர்களும் மரைக்காயர்களும் சேர்ந்து கேட்பார்கள்.

கடைசி அத்தியாயம் வந்தது. ஆமினாவின் கணவன் காசிம் தோணி கவிழ்ந்து இறக்கிறான். உடல் கரை ஒதுங்கி, அன்றே அடக்கமாகிறது. மூன்றாம் நாள் ஆமினா பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தனியாகக் கடற்கரைக்குப் போய் நிற்கிறாள். அவள் கடலைப் பார்த்துக்கொண்டே இருக்க, பிள்ளை அவள் முகத்தைத் திருப்பி, "பசிக்குது" என்கிறது. அதோடு கதை முடிகிறது. தமிழ்நாடே அழுதது. எங்கள் ஊர் மட்டும் அழவில்லை.

கணவனை இழந்த எங்கள் பெண்கள் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருப்பார்கள். வாசல் தாண்ட மாட்டார்கள். அந்நிய ஆண் முகம் பார்க்க மாட்டார்கள். அடக்கம் நடந்த மூன்றாம் நாளே ஒருத்தி கடற்கரையில் போய் நின்றாள் என்றால் அந்த வீட்டுக்கே தலைக்குனிவு. கடல் இல்லாத பக்கத்திலிருந்து வந்த மனிதர், எங்கள் தெருவை வெளியிலிருந்து பார்த்தாரே தவிர, எங்கள் வாசலுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்கவில்லை. நான் வாசித்து முடித்ததும் கூட்டம் முகம் சுளித்துக் கலைந்தது. "கதைதானப்பா, விட்டுத் தள்ளு" என்றார் வாப்பா.

விட்டேன். சில ஆண்டுகளில் முத்திருளப்பரும் போய்ச் சேர்ந்தார். அவர் மனைவி அதற்கு முன்பே போய்விட்டார். புத்தகங்களின் உரிமை மகளுக்கு வந்தது. அதற்கும் பிறகு ஒரு நாள், 'ஆமினாவின் கரை' கல்லூரியில் பாடமாகப் போகிறது, அதற்காகப் புதுப் பதிப்பு வருகிறது என்று பத்திரிகையில் பார்த்தேன். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. பாடப் புத்தகத்தில் ஏறிவிட்டால் அதுதான் உண்மை என்று ஆகிவிடும். சென்னையிலுள்ள பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினேன். நான் எழுதிய நீளத்துக்கு அதையே தனிப் புத்தகமாகப் போட்டிருக்கலாம். எழுதியது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

பதிப்பகம் பதில் போடவில்லை. பதிலுக்குப் பஸ்ஸிலிருந்து ஓர் அம்மாள் இறங்கினார். கையில் ஆண்பிள்ளைக் குடை. நேரே கடைக்கு வந்தார்.

"நெய்னா முகம்மதுங்கறது நீங்கதானாண்ணே? நான் முத்திருளப்பர் வீட்டுப் பிள்ளை" என்றார்.

'வீட்டுப் பிள்ளை' என்று அவர் சொன்னதை அப்போது நான் கவனிக்கவில்லை. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் என் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "இத்தா இருக்கறதுன்னா என்னன்னு எனக்கு வெவரமாச் சொல்லுங்க. கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்" என்றார்.

"பதிப்பகத்துல என்ன சொல்றாக?" என்று கேட்டேன்.

"ஆமினாவ மீனாட்சியா மாத்திருவோம், ஊர்ப்பேரையும் வேற போட்டுருவோம், சோலி முடிஞ்சு போச்சுங்கறாக."

"நல்ல யோசனைதானம்மா."

"பேர மாத்தினா தப்பு இன்னொரு வீட்டுக்குப் போகும். அம்புட்டுத்தான்."

பேச்சை மாற்றுவதற்காக, "இருந்தாலும் அந்தப் பிள்ளைக்காக ஊரு ஒலகமே அழுதுச்சம்மா" என்றேன்.

"அழுதாக, சரி. ஒரு வா சோறு யாராச்சும் குடுத்தாகளாண்ணே?" என்றார். சிரித்தபடிதான் சொன்னார்.

இத்தாவைப் பற்றி ஓர் ஆண்பிள்ளை எவ்வளவு சொல்லிவிட முடியும்? என் வீட்டிலேயே அப்போது இத்தா இருந்தவள் லாத்தா. கொழும்புக்குப் போன மச்சான் அங்கேயே காய்ச்சலில் மௌத்தாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. லாத்தா உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை. சரியாகச் சாப்பிடவும் இல்லை. பெண் என்பதால் டீச்சரை உள்ளே அனுப்பினேன். முத்திருளப்பரால் போக முடியாத அறைக்கு அவருடைய மகள் போனார்.

முற்றத்தில் இருந்த எனக்கு, கடைசி அத்தியாயத்தை அவர் வாசிப்பது கேட்டது. லாத்தாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. வாசிப்பு முடிந்ததும் லாத்தாவின் குரல் கேட்டது.

"நாங்க போறதில்லம்மா. போகக் கூடாது. ஆனா போகணும்னு இருக்கும். எழுதுனவருக்கு எங்க வீடு தெரியல. அந்தப் பொம்பளையத் தெரிஞ்சிருக்கு."

அதற்கு டீச்சர் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அது எனக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் லாத்தா என் மனைவியைக் கூப்பிட்டு, "உலை வையி. மீன் ஆணம் காய்ச்சு. இந்தப் புள்ள சாப்புட்டுத்தான் போகணும்" என்றாள். மதியச் சாப்பாட்டு நேரம் போய், மாலை டீ நேரம் வந்துவிட்டிருந்தது. விருந்தாளிக்குப் பாலும் பிஸ்கட்டும் கொடுத்தால் போதாதா என்று என் மனைவி கண்ணால் கேட்டாள். உள்ளேயிருந்து லாத்தா அதட்டினாள். ஒரு மாதமாக ஒரு கவளத்துக்கு மேல் எடுக்காதவள், டீச்சரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பரிமாறித் தானும் தின்றாள். எதுவும் விளங்காவிட்டாலும் அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த சில மாதங்களில் புதுப் பதிப்பு வந்தது. ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆமினா ஆமினாவாகவே இருந்தாள், கரையிலேயே நின்றாள். எனக்கு ரத்தம் கொதித்தது. பிறகுதான் முன்பக்கத்தில் டீச்சரின் பெயரோடு இருந்த குறிப்பைப் பார்த்தேன்.

"இந்த நாவலின் கடைசி அத்தியாயத்தில் வருவது பெரியபட்டினத்தில் நடந்ததன்று; நடக்கக்கூடியதும் அன்று. கணவனை இழந்த பெண் அவ்வூரில் இத்தா இருப்பாள், வாசல் தாண்டமாட்டாள். அவ்விதம் கரையில் நின்றவர் என் தாயார். நின்ற இடம் பாம்பன். என்னைப் பெற்ற தகப்பனார் படகு கவிழ்ந்து இறந்தார். உடல் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் அதைத் தேடிப் போனவரை ரயில் நிலையத்திலிருந்து பார்த்தவர், பின்னர் அவரை மணந்து என்னை வளர்த்த முத்திருளப்பர். இடுப்பில் இருந்த பிள்ளை நான்."

புத்தகத்தை மூடிவிட்டு உள்ளே போனேன். "லாத்தா, ஒனக்கு அன்னைக்கே தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியாமலா உலை வைக்கச் சொன்னேன்?" என்றாள்.

ஆனால் அந்தக் குறிப்பின் விலை என்ன என்பது மறுநாள்தான் எனக்கு உறைத்தது. ஊர் உலகம் அதுவரை டீச்சரை முத்திருளப்பர் பெற்ற மகள் என்றுதான் நினைத்திருந்தது. உயில் எழுதும் வழக்கம் நம் பக்கத்தில் யாருக்கு இருக்கிறது? முத்திருளப்பரும் எழுதவில்லை. மகள் என்ற பெயர் ஒன்றை வைத்துத்தான் அவருடைய எழுத்தெல்லாம், கையெழுத்துப் பிரதிகள் நிறைந்த ஒரு பெட்டியோடு, டீச்சரின் கைக்கு வந்திருந்தது. பாதிக்கு மேல் டீச்சர் கையால் எழுதியது. முத்திருளப்பர் நடந்துகொண்டே சொல்வார், மகள் உட்கார்ந்து எழுதுவார். அப்படி இருந்தும், தான் அவர் பெற்ற மகள் இல்லை என்று டீச்சரே அச்சில் போட்டுவிட்டார். அந்தப் பெட்டியையும், அதற்குள் இருந்த வெளிவராத கதைகளையும், எதை எப்படி அச்சிடுவது என்று சொல்லும் உரிமையையும் தன் கையாலேயே விட்டுவிட்டார்.

பஸ் பிடித்து இராமநாதபுரம் போனேன். அரண்மனைக்குப் பின்னால் இருந்த அவருடைய வீட்டில் நுழைந்த உடனேயே ஆரம்பித்துவிட்டேன். "எங்க ஊரு வழக்கம் இது இல்லன்னு ஒரு வரி போட்டாப் போதுமேம்மா. ஒங்க அம்மா கதைய ஏன் இழுத்தீக?"

அவர் எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

"அப்படிப் போட்டா அய்யா தெரியாம எழுதிட்டாருன்னு ஆகும். அவரு எங்க அம்மாவ மறைக்க ஒங்க வீட்டுப் பொண்ணக் கொண்டாந்து முன்னால நிறுத்தினாரு. புருசன எழந்தவளக் கட்டுனத ஊரு ஏசுமேன்னு பயம். உடல் கெடைச்சுதுன்னு எழுதினதும் அதுக்குத்தான். அங்கனதான் தப்பாப் போச்சு. உடல் கெடைச்சிருந்தா எங்க அம்மா எதுக்குக் கரைக்குப் போறாக?"

அப்புறம் இன்னொன்றும் சொன்னார். அந்த அத்தியாயத்தை முத்திருளப்பர் சொல்லச் சொல்ல எழுதியதும் அவர்தான். பிள்ளை தாயின் முகத்தைத் திருப்பி ஏதோ கேட்கிறது என்ற இடத்தில் முத்திருளப்பர் நின்றுவிட்டாராம். என்ன கேட்கிறது என்று அவருக்கு வரவில்லை. ஸ்டேஷன் வாசலிலிருந்து பார்த்தவருக்குப் பேச்சு எப்படிக் கேட்டிருக்கும்? அடுப்படியிலிருந்து அம்மா வந்து, "பசிக்குதுன்னு கேட்டுச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாராம்.

"நான் அதையும் எழுதிட்டேன். எழுதின பெறகுதான் அய்யா மொகத்தப் பாத்தேன். அன்னைக்குத்தாண்ணே எனக்கு நான் யாருன்னு தெரியும்" என்றார். கண் கலங்கியது எனக்குத்தான். அவர் தண்ணீர்ச் செம்பை எடுத்து உள்ளே வைக்கப் போனார்.

நான் கிளம்புவதற்குள் குருசாமி வந்துவிட்டார். முத்திருளப்பரின் தம்பி மகன். நிலத்தில் பாடுபட்டு வெயிலில் கறுத்த சம்சாரி. நாற்காலியில் உட்காராமல் சுவரோரமாக உட்கார்ந்தார்.

"ஏத்தா மங்களம், புத்தகத்துல போட்டிருக்கறதா ஊருல ஒருத்தன் வாசிச்சுச் சொன்னான். நெசமா?"

"நெசந்தாண்ணே."

"நீ எங்க பெரியய்யா மக இல்லையா?"

"அவரு வளத்த பிள்ளைண்ணே. ரத்தப் பாத்தியத ஒங்களுக்குத்தான்."

நான் குறுக்கே புகுந்து சட்டம் பேச எழுந்தேன். "நீங்க சும்மா இருங்கண்ணே" என்று டீச்சர் என்னை உட்கார வைத்தார். உள்ளே போய்ப் பெட்டிச் சாவியை எடுத்துவந்து குருசாமியிடம் கொடுத்தார். வண்டியில் அந்தப் பெட்டியை ஏற்றும்போது டீச்சர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. குருசாமியைத் திட்டிக்கொண்டே ஊர் திரும்பினேன்.

அந்த மனிதரை நான் முழுக்கத் தெரிந்துகொள்ளவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. பதிப்பகத்திலிருந்து அச்சுத்தாள்கள் அவருக்கு வந்தன. என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. முண்டு மிளகாய் ஒரு மூட்டையையும் தாள்களையும் தூக்கிக்கொண்டு டீச்சர் வீட்டுக்கு வந்தார். டீச்சர் பிழை திருத்திக் கொடுத்தார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: அந்தக் குறிப்பை எடுத்துவிட வேண்டாம் என்று. "அது இருந்தா எனக்கென்ன?" என்றாராம் குருசாமி. ஒரு மழைக்காலம் கழிந்ததும் பெட்டியும் திரும்பி வந்தது. "எங்க வீட்டுல எலித் தொல்லை தாங்கலத்தா. இங்கனயே கெடக்கட்டும்" என்று இறக்கிவைத்துவிட்டுப் போனார். டீச்சர் இதைச் சொல்லிவிட்டு, "அவுக வீட்டுல மூணு பூனை இருக்குண்ணே" என்றார்.

அதற்குப் பிறகும் உரிமை குருசாமியுடையதுதான். புத்தகங்களில் அவர் பெயர்தான் இருந்தது. வேலை முழுதும் டீச்சருடையது. முத்திருளப்பர் நினைவுக் கூட்டங்களில் அவரை மேடைக்குக் கூப்பிடுவது நின்றுபோனது. பின் வரிசையில் எங்களோடு உட்கார்ந்திருப்பார். ஒரு கூட்டத்தில் ஒருவர் ஆமினா கரையில் நிற்கும் காட்சியைச் சொல்லி, "என்ன கற்பனை! என்ன கற்பனை!" என்று மேசையைத் தட்டினார். டீச்சர் என் பக்கம் குனிந்து, "எங்க அம்மா காதுல விழுந்திருந்தா செருப்பத் தேடியிருப்பாக" என்றார். துக்கத்தோடு இதை எழுதும்போதும் இது நினைவுக்கு வந்து சிரிப்பு வருகிறது.

தனியாக இருந்தார். மணம் செய்துகொள்ளவில்லை. காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை என்றார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசலில் அவர் படிப்பித்த பெண்கள் நிறைந்திருந்தார்கள். சிலர் கைக்குழந்தைகளோடு வந்திருந்தார்கள். நான் தெருவில் எதிர்ச்சுவரோரம் நின்றேன். பாடை கட்டியாயிற்று. கொள்ளி வைப்பது யார் என்ற பேச்சு எழுந்தது. கணவன் இல்லை, பிள்ளை இல்லை, உடன்பிறந்தார் இல்லை. பெற்ற தகப்பன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றே யாருக்கும் தெரியவில்லை. தெருப் பெரியவர் ஒருவர் கூட்டத்தைப் பார்த்து, "மொறைக்காரக யாராச்சும் இருக்கீகளா?" என்று கேட்டார்.

குருசாமி மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"நீ இவுகளுக்கு என்னப்பா வேணும்?" என்றார் பெரியவர்.

"எங்க பெரியய்யா மக. நாந்தான் அண்ணன்" என்றார் குருசாமி.

அந்தக் கூட்டத்தில் குறிப்பை வாசித்தவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எதற்கெடுத்தாலும் வழக்காடுகிற நானும் திறக்கவில்லை. குருசாமி வாசலில் நின்றபடி ஒரு முறை என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

டீச்சரிடமிருந்து எனக்குக் கிடைத்தது என்ன என்று யோசித்துப் பார்க்கிறேன். கோபத்தோடு எழுதியவனைத் தேடிவந்து, "சொல்லுங்க, கேட்டுட்டுப் போறேன்" என்று அவர் உட்கார்ந்த விதம் எனக்கு இன்னும் கைவரவில்லை. கைவரும் என்ற நம்பிக்கையும் இல்லை. ஆனால் ஒன்றை நான் வைத்துக்கொள்வேன். கல்லூரியில் அந்த நாவலைப் படித்துவிட்டு எங்கள் ஊரைப் பார்க்க வருகிற பிள்ளைகள் இப்போதும் கடைக்கு வந்து ஆமினா நின்ற கரை எது என்று கேட்கிறார்கள். இங்கே அப்படி ஒரு கரை இல்லை, பாம்பனுக்குப் போங்கள் என்கிறேன். கடைசியில் அந்தக் குழந்தை என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டால் மட்டும் எழுந்து என் வீட்டு வாசலைக் காட்டுகிறேன். அந்தப் பிள்ளை இங்கே வந்து சாப்பிட்டது என்று சொல்கிறேன்.